பின்டயரின் உள்விளிம்பு

பிஎம்டபிள்யூ எம்3, மெர்சிடஸ் சி63 ஏஎம்ஜி வகைக் கார்களின் பின்டயரை நின்றபடி பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. வெளிப்பக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் ட்ரெட், அதாவது தரையில் படும் வரிப்பள்ளமுள்ள ரப்பர், இருக்கும், நடுப்பள்ளங்களும் ஆழமாகவே இருக்கும். தரையில் படுத்து உள்பக்கம் டார்ச் அடித்தால்தான் சங்கதி வெளியே வரும்: கடைசி இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் வழுவழுவென்று போய், சில இடங்களில் கம்பி பளபளக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் டயர் கடையில் வழக்கமாகக் கேட்கும் பதில் ஒன்று உண்டு: "இவ்வளவு பவர் இருக்கிற காருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வந்தாலே பெரிய விஷயம்."

அது பாதி உண்மைதான். பவர் டயரைத் தேய்க்கும். ஆனால் உள்விளிம்பை மட்டும் குறிவைத்துத் தேய்க்காது. டபிள்யூ204 தலைமுறை சி63-இன் 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் பின்சக்கரங்களில் இறங்கும்போது, டயர் அதன் அகலம் முழுக்க, பெரும்பாலும் நடுவில் கொஞ்சம் கூடுதலாகத் தேயும். அப்படித் தேய்ந்தால் அது வலதுகாலின் கணக்கு, அதை யாரும் கேட்க வேண்டியதில்லை. நடுவில் பாதி ரப்பர் மிச்சமிருக்கும்போதே உள்விளிம்பு மட்டும் மொட்டையானால் அது காரின் கணக்கு. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் இன்னொரு ஜோடியும் அதே வழியில் போகும்.

முதலில் ரப்பரைப் பற்றிச் சுருக்கமாக. டயரின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்-இல் அது 300. பைலட் ஸ்போர்ட் கப் 2-இல் 180. எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும். வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவு நம்பக்கூடாது. சோதனைக்குப் பிறகு எண்ணைக் கம்பெனியே தான் போட்டுக்கொள்கிறது. கப் 2 என்பது ரேஸ் டிராக்குக்கான டயர். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருபவர் ஆயுளைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள நியாயமில்லை.

இனி முக்கியமான விஷயம். உள்விளிம்பு தேய்ந்தால் கடைக்காரரிலிருந்து காரின் சொந்தக்காரர் வரை எல்லோரும் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மேல்தான் பழி போடுவார்கள். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் குற்றவாளியும் அதுவே என்று தோன்றுகிறது. உண்மையில் ஒன்றரை டிகிரி, இரண்டு டிகிரி நெகடிவ் கேம்பர் மட்டும் இருந்தால் டயர் இவ்வளவு சீக்கிரம் போகாது. உள்விளிம்பின் மேல் எடை கூடுகிறது, அவ்வளவுதான். அந்த எடையோடு சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுப்பது டோ. மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்முனை உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே திரும்பியிருந்தால் டோ-அவுட். கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பியிருந்தாலே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் வெறும் 10 நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் நேராகப் போகிறது, சக்கரம் வேறு பக்கம் போகப் பார்க்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 2.9 மீட்டர் பக்கவாட்டில் விலகிப் போக முயல்கிறது, சாலை அதை இழுத்துப் பிடிக்கிறது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை என்3 நெடுஞ்சாலையில் சுமார் 570 கி.மீ.; ஒரு தடவை போய்ச் சேர்வதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் இந்த இழுபறி நடந்திருக்கும். கேம்பரால் உள்விளிம்பில் எடை குவிந்திருக்கிறதால் உரசல் முழுக்க அங்கேயே விழுகிறது. டோ 20 நிமிடமானால் இழுபறியும் இரட்டிப்பு. அதனால்தான் ஒரே கேம்பர் உள்ள இரண்டு கார்களில் ஒன்றின் டயர் 25,000 கி.மீ. ஓடுகிறது, மற்றது அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

டோ எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்று அறிய மெஷின் வேண்டாம், உள்ளங்கை போதும். ட்ரெட்டின் மேல் கையை வைத்து வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கும். மறு திசையில் ஒவ்வொரு வரியின் விளிம்பும் ரம்பப்பல்லாக உறுத்தும். உள்ளே தடவும்போது வழுக்கி, வெளியே தடவும்போது உறுத்தினால் டோ-இன் அதிகம். மாறாக இருந்தால் டோ-அவுட். கம்பி வெளியே வந்த டயரில் இதைச் செய்யாதீர்கள், கை கிழிந்துவிடும். ரம்பப்பல் இல்லாமல் அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது பேலன்சிங் இல்லாமல் நெடுநாள் ஓடியிருக்கலாம்.

தேய்மானத்தை அளக்க ஒரு ட்ரெட் கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, பெரிய விலை இல்லை. அளக்கும்போது உள், நடு, வெளி என்று மூன்று இடம்; அப்படிச் சுற்றளவில் நான்கு இடம். நடுப்பள்ளத்தை மட்டும் அளந்துவிட்டு "ஐந்து மில்லி இருக்கு" என்பதில் பயனில்லை. உதாரணத்துக்கு, புதிதாக 8 மி.மீ. இருந்த டயர் 4,000 கி.மீ. ஓடியபின் வெளியே 7.2, நடுவில் 7.0, உள்ளே 5.8 என்று காட்டினால், உள்விளிம்பு நடுவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. அந்த வேகத்தில் 3 மி.மீ.-ஐத் தொட இன்னும் ஐந்தாயிரம் கிலோமீட்டர்தான். 4,000-இல் பிடித்தால் டயரைக் காப்பாற்றலாம், 9,000-இல் பிடித்தால் பில்தான் மிச்சம்.

மூன்று மில்லிமீட்டரைச் சொல்வதற்குக் காரணம் டர்பனின் கோடை மழை. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் ட்ரெட் அகலம் முழுக்க, சுற்றளவு முழுக்க குறைந்தது 1 மி.மீ. இருக்க வேண்டும், பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறிக்குச் சமமாக ரப்பர் வந்துவிட்டாலும் டயர் செல்லாது. அந்தக் குறி 1.6 மி.மீ. உயரம். "அகலம் முழுக்க" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள்: நடுவில் ஐந்து இருந்து உள்விளிம்பு மொட்டையாக இருந்தால் அந்த டயர் சட்டப்படி ஏற்கெனவே முடிந்துபோனது. 275 மி.மீ. அகல டயர் தேங்கிய தண்ணீரின் மேல் ஏறும்போது அந்தத் தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் வேண்டும். சாதாரண காரின் 195 டயரைவிட இது சீக்கிரம் மிதக்கும்.

அடுத்தது காற்று. இங்கே பெட்ரோல் நிலையத்தில் ஊழியரே காற்றும் பிடித்துத் தருவார். எவ்வளவு என்று கேட்டால் பலர் வாயில் 2.2 பார் என்றுதான் வரும், கார் எதுவாக இருந்தாலும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ, சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது. அதில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அளவு இருக்கும், குறைந்த பளுவுக்கும் முழுப் பளுவுக்கும் தனித்தனி வரிசை இருக்கும். எல்லாமே குளிர்ந்த டயருக்கான அளவு: கார் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவான காற்றோடு கிளம்புவீர்கள். காற்று குறைந்த டயரின் இரண்டு தோள்களும், அதாவது விளிம்புகளும், தேயும், அதோடு சூடும் ஏறும். ஏற்கெனவே எடை குவிந்த உள்தோள் முதலில் போகும்.

இந்த நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. டர்பன் கடல்மட்டம், ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றுமானி காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. வெளிக்காற்று டர்பனில் சுமார் 101 கிலோபாஸ்கல் (100 கிலோபாஸ்கல் ஒரு பார்), ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 83. ஆகவே ஜோகன்னஸ்பர்க்கில் 2.4 பார் வைத்த டயர், அதே வெப்பநிலையில், டர்பனில் 2.2 சொச்சம்தான் காட்டும். காற்று எங்கும் கசியவில்லை, வெளி அழுத்தம் கூடியிருக்கிறது. இதோடு வெப்பநிலையும் சேர்கிறது: 10 டிகிரிக்குச் சுமார் 0.1 பார். குளிர்காலத்தில் மேட்டுநிலத்தின் 3 டிகிரிக் காலையில் அளந்துவிட்டு 22 டிகிரி டர்பனுக்கு வந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஏறக்குறையச் சரியாகிவிடும். கோடையில் அந்த ஈடு கிடைக்காது. இறங்கி வந்தவர் 0.2 பார் குறைவாக ஓட்டிக்கொண்டிருப்பார். ஆகவே சேர்ந்த ஊரில் மறுநாள் காலை ஒரு தடவை அளந்துவிடுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது இதைவிடப் பெரிய குறைவுக்குத்தான் எரியும்.

ஈஸ்டர் வாரம் இதற்கெல்லாம் நல்ல சோதனை. புனித வெள்ளிக்கு டர்பன் பக்கத்து இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வருபவர்களின் காரில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், போதாததற்கு ஒரு குளிர்பெட்டி. பின்பக்கம் அமுங்கும். பின்சஸ்பென்ஷன் அமுங்கும்போது கேம்பர் இன்னும் உள்பக்கம் சாயும், டோ-வும் மாறும். காற்று மட்டும் ஒற்றை ஆளுக்கு வைத்த அளவிலேயே இருக்கும். அந்த நிலையில் போக வர ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஓடினால், ஊருக்குள் தினம் ஓடும் பல வாரத் தேய்மானம் நான்கு நாளில் ஆகிவிடும். முழுப் பளு வரிசையில் பின்டயருக்குச் சொன்ன காற்றை வைத்துக் கிளம்பினால் அதில் பெரும்பகுதி தவிர்க்கலாம். ஊர் திரும்பியதும் மறக்காமல் பழைய அளவுக்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் பின்டயரின் நடு தேயும்.

டோ ஏன் பிசகுகிறது? குழியில் விழுந்து ஆர்ம் (சக்கரத்தைக் காரின் சட்டகத்தோடு இணைக்கும் கை) வளைவது ஒரு காரணம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டாலில் சாலைகள் இருந்த நிலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 35, 30 ப்ரொஃபைல் டயரில், அதாவது பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 35, 30 சதவீதமே உள்ள டயரில், பக்கச்சுவர் குட்டை, அடி நேராக ரிம்முக்கும் ஆர்முக்கும் போகிறது. ரிம்மின் உள்உதடு வளைந்தால் வெளியிலிருந்து தெரியாது, காற்று மட்டும் வாரத்துக்கு வாரம் குறையும். ஆனால் என் மதிப்பில் பழைய கார்களில் இதைவிடப் பொதுவான காரணம் புஷ். ஆர்முக்கும் சட்டகத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பர் தளர்ந்துவிட்டால், நின்ற காரில் அலைன்மென்ட் எண் (சக்கரக் கோணங்களின் அளவு) சரியாகவே வரும். ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். "மூன்று தடவை அலைன்மென்ட் பண்ணியும் டயர் போகுது" என்று புலம்புகிற காரில் பெரும்பாலும் யாரும் புஷ்ஷைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்க்கும் விதம் இது. காரை லிஃப்ட்டில் ஏற்றி, சக்கரத்தை மூன்று மணி ஒன்பது மணி இடத்தில் பிடித்து ஆட்டவும். ஆட்டம் இருந்தால் டை ராட் முனை (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் மூட்டு), அல்லது பின்பக்கம் டோ ஆர்ம். பன்னிரண்டும் ஆறும் பிடித்து ஆட்டினால் ஆடுவது பால் ஜாயின்ட் அல்லது பேரிங். பிறகு கடப்பாரை போன்ற நெம்புகோலை ஆர்முக்கும் சட்டகத்துக்கும் நடுவில் வைத்து மெதுவாக நெம்பி, ரப்பர் எவ்வளவு விலகுகிறது, விரிசல் வாய் திறக்கிறதா என்று பார்க்கவும். இரு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். பிஎம்டபிள்யூ மாடல்கள் பலவற்றில் முன் ஆர்மின் ஒரு புஷ்ஷுக்குள் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். அதன் கீழே கறுப்பாக ஒழுகிய தடம் இருந்தால் அந்த புஷ் செத்துவிட்டது, ஆட்டிப்பார்க்கக்கூட வேண்டாம்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவும். இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் அவசர மெக்கானிக்கும் பிரிவார்கள்: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, கார் லிஃப்ட்டில் தொங்கும்போது முழு இறுக்கம் இறுக்கக்கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். புது புஷ் சில மாதத்தில் கிழியும், காரின் உயரமும் கொஞ்சம் ஏறி நிற்கும். போல்ட்டை முதலில் கையால் பிடித்துவிட்டு, சக்கரம் காரின் எடையைத் தாங்கும் உயரத்துக்கு வந்தபின், அந்த காருக்குரிய டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்க வேண்டும். போல்ட் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது என்று கம்பெனி சொல்லியிருந்தால் புதுசு போடவும். அலைன்மென்ட் இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

டயர் கடையில் கேட்க வேண்டியவை சில. வேலை தொடங்கும் முன்பே, திருத்துவதற்கு முந்தைய எண்களின் அச்சுத்தாள் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தேய்ந்த டயரோடு அந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் புரியும். சரிசெய்தபின், எல்லா எண்ணும் எல்லைக்குள் என்று பச்சை நிறத்தில் வரும் தாள் சுவரில் ஒட்ட மட்டும் உதவும். நான்கு டயரிலும் காற்று சரியா, மெஷினில் காரின் மாடலும் சஸ்பென்ஷன் வகையும் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்று பாருங்கள். சாதாரண 3 சீரிஸின் எண்களை எம்3-க்குப் போட்டுவிட்டு எல்லாம் பச்சை என்று அனுப்புவது நடக்கிற காரியம். பல பழைய பிஎம்டபிள்யூ மாடல்களில் அளக்கும்போது முன்இருக்கைகளில் தலா 68 கிலோ, பின்இருக்கை நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, முழு டேங்க் பெட்ரோல் என்பது கம்பெனி விதி. எடை ஏற்றாமல் காலிக் காரில் டோ வைத்தால், ஆள் ஏறியதும் அந்த எண் இருக்காது. மணல்மூட்டை வைத்திருக்கும் கடை கிடைத்தால் அதை விடாதீர்கள்.

வரிசையும் உண்டு: பின்கேம்பர், பின்டோ, அதற்குப்பின் ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி முன்பக்கம். முன்டோ-வை மட்டும் தொட்டுவிட்டு "வீல் அலைன்மென்ட் ஆச்சு" என்பவர்களிடம் இந்தக் கார்களைக் கொடுக்கக்கூடாது, பின்டயர்தானே பிரச்சினை. பச்சை எல்லை அகலமானது. அதற்குள் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் தேர்வு. தெருவில் ஓடும் காருக்குப் பின்டோ-இன்னை அனுமதிக்கப்பட்ட எல்லையின் குறைந்த பக்கத்தில், இரண்டு சக்கரமும் சமமாக வைக்கச் சொல்வேன். முன்பக்கமும் அப்படியே, பூஜ்ஜியத்தை ஒட்டி, டோ-இன் பக்கமே. பின்டோவை முழுதாகப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். டயர் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேகத்தில் பாதை மாறும்போதும் கனமாகப் பிரேக் பிடிக்கும்போதும் பின்பக்கம் துள்ளும். என்3-இல் வரும் வான் ரீனன் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே அந்தத் துள்ளல் தேவையில்லை.

ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய கார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 25, 30 மி.மீ. இறக்கியதும் பின்கேம்பர் கூடும், டோ நகரும். பல கார்களில் கம்பெனி கொடுத்த எக்சென்ட்ரிக் போல்ட்டின் (திருப்பிக் கோணத்தை மாற்றும் போல்ட்) எல்லைக்குள் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. நீளம் மாற்றக்கூடிய பின்ஆர்ம்களின் விலையையும் ஸ்பிரிங் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

டயரை இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம் என்ற வழி இந்தக் கார்களில் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. எஃப்80 தலைமுறை எம்3-இல் 19 அங்குல ரிம்முக்கு முன்னே 255/35, பின்னே 275/35. டபிள்யூ204 சி63-இல் 18 அங்குலத்துக்கு முன்னே 235/40, பின்னே 255/35. முன்னும் பின்னும் மாறாது. டயரில் உள்-வெளி குறி இல்லையென்றால், ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போடலாம்; திசை அம்பு இருந்தால் திருப்பியபின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். ஆனால் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் டயர்களில் பெரும்பாலும் உள்-வெளி குறி இருக்கும்.

புதுசு வாங்கும்போது பக்கச்சுவரில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பிஎம்டபிள்யூவுக்காக, எம்ஓ என்ற எழுத்துகள் இருந்தால் மெர்சிடஸுக்காகச் செய்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்கட்டமைப்பு வேறாக இருக்கலாம், ஒரே ஜோடியில் குறி உள்ளதையும் இல்லாததையும் கலக்காதீர்கள். பக்கச்சுவரில் இருக்கும் டாட் (DOT) குறியின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 1423 என்றால் 2023-இன் 14-ஆவது வாரம். தள்ளுபடியில் கிடைக்கும் அரிதான அளவுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். பின்டயர் எப்போதும் ஜோடியாகத்தான். ஒன்று புதிது, மற்றது பாதி தேய்ந்தது என்றால் இரு பின்சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் வேலைசெய்துகொண்டே இருக்கும். நான்கு சக்கர இழுவை உள்ள எக்ஸ்டிரைவ் கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றளவு வித்தியாசம், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாதிக்கும், அங்கே நான்கையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்.

புது டயரின் மேல் வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டிய வழுக்குப்பூச்சு இருக்கும். முதல் முந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டவும். 1,500 கி.மீ.-இல் முதல் அளவு, 3,000-இல் இரண்டாவது. உள்விளிம்புக்கும் நடுவுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், எண்கள் எழுதிய தாளோடு அலைன்மென்ட் போட்ட கடைக்கே திரும்பப் போங்கள்.